‘கிங் ஆஃப் தி ரிங்’: எழுதி வைத்த முடிவும் எழுதாத வலியும்

2025 ஜூன் 28, சனிக்கிழமை. சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் அப்போதுதான் இரவு தொடங்கியிருந்தது. இங்கே பத்து காவானில் மணி நள்ளிரவைத் தாண்டி ஞாயிறு பிறந்துவிட்டது. பண்டார் காசியா அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் நாங்கள் மூவர்: படிவம் இரண்டில் படிக்கும் என் தம்பி, பெரியம்மா மகன் (நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுவோம்), நான். ‘கிங் ஆஃப் தி ரிங்’ மல்யுத்தப் போட்டியின் இறுதிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. கோடி ரோட்ஸ், ராண்டி ஆர்டனை வீழ்த்திவிட்டார். தம்பி சோபாவிலிருந்து குதித்தான். உள் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “எல்லாம் ஏமாத்து வேலை. லைட்ட அடைச்சிட்டு போய்ப் படுங்க.”

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. என்னைப் பார்த்தான். “அக்கா, நீ யுனிவர்சிட்டிலதானே படிக்கிற. நெசமாவே எல்லாம் பொய்யா?”

நான் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “ஜெயிக்கிறது பொய்தான்டா. ஆனா விழறது பொய் இல்ல.” சொல்லிவிட்டுத் தன் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். அன்றிரவு தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் போட்டியைப் பற்றி. இன்று டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்றும் 2002 வரை டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்றும் அறியப்பட்ட அமெரிக்க நிறுவனம் 1985 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதைத் தொடங்கியது. முதல் மன்னர் டான் முராக்கோ. ஹார்லி ரேஸ், ராண்டி சாவேஜ், டெட் டிபியாசி என்று அடுத்தடுத்து முடிசூடினார்கள். தொடக்கத்தில் இது அரங்குக்கு வந்தவர்கள் மட்டுமே காணக்கூடிய நிகழ்ச்சியாக இருந்தது. 1993இல்தான் கட்டணத் தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சியாக வந்தது. அன்று பிரெட் ஹார்ட் ஒரே இரவில் மூன்று பேருடன் மோதிப் பட்டம் பெற்றார். ‘ஆண்டுதோறும்’ நடக்கும் போட்டி என்று பெயர்தான். 2002க்குப் பிறகு 2006, 2008, 2010, 2015, 2019, 2021 என்று நினைத்தபோது நடத்தி, நினைத்தபோது நிறுத்தினார்கள். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளில்தான் மீண்டும் வரிசையாக வந்திருக்கிறது. இதுவரை இந்திய வம்சாவளியினர் எவரும் இந்த முடியைச் சூடியதில்லை. 2007இல் கிரேட் காளியும் 2017இல் ஜிண்டர் மஹாலும் உலகப் பட்டம் வென்றிருக்கிறார்கள். இந்தக் கிரீடம் மட்டும் கிட்டவில்லை.

போட்டியின் அமைப்பு பள்ளி விளையாட்டுத் தினத்தில் நாம் பார்த்ததுதான். தோற்றால் வெளியே, வென்றால் அடுத்த சுற்று. 16 பேர் என்றால் எத்தனை ஆட்டங்கள்? சுற்றுச் சுற்றாகக் கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியேற்றுகிறது. ஒருவர் மிஞ்ச வேண்டுமானால் 15 பேர் வெளியேற வேண்டும். ஆகவே 15 ஆட்டங்கள். 2025இல் இந்தக் கணக்கையும் மாற்றிவிட்டார்கள். முதல் சுற்றில் நால்வர் ஒரே நேரத்தில் மோதினார்கள். நான்கு மோதல்கள், இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி, ஆக ஏழே ஆட்டங்களில் கதை முடிந்தது. நேரம் மிச்சம். ஆனால், ஒருவனை ஒருவன் நேருக்கு நேர் நின்று வெல்லும் சுவை கொஞ்சம் குறைந்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. தம்பிக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் விழுவது அவனுக்கு நான்கு மடங்கு சந்தோஷம்.

‘தோற்றால் வெளியே’ என்ற இந்த முறை விளையாட்டு உலகின் மிகக் கொடூரமான முறை. மலேசியர்களாகிய நமக்கு அதைச் சொல்லித் தரவே வேண்டாம். புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய்யை நினைத்துப் பாருங்கள். பத்து காவானிலிருந்து காரில் போனால் சிறிது நேரத்தில் எட்டிவிடும் ஊர் அது. 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்கள்; மூன்றிலும் வெள்ளிதான். 2016 ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் தன்னை முந்தைய இரண்டு இறுதி ஆட்டங்களிலும் வீழ்த்திய லின் டானை மூன்றாவது செட்டில் 22-20 என்று ஒருவழியாக வென்றார். நாடே எழுந்து நின்றது. ஒரு கதாசிரியர் கையில் பேனா இருந்திருந்தால் அடுத்த நாள் தங்கம் அவர் கழுத்தில் விழுந்திருக்கும். பேனா யார் கையிலும் இல்லை. இறுதியில் சென் லோங் 21-18, 21-18 என்று வென்றார்.

சில நேரங்களில் வாழ்க்கையே கதாசிரியரைவிட நன்றாக எழுதுவதும் உண்டு. கெடாவைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி 2022 ஜூனில் கார் விபத்தில் சிக்கிக் கழுத்தெலும்பு முறிவுக்கு ஆளானார். காமன்வெல்த் போட்டி கைநழுவியது. 2024இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் இறுதியில் உலகின் முன்னணி வீராங்கனைகளுள் ஒருவரான எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை வீழ்த்திப் பட்டத்தை எடுத்துவந்தார். இதை ஒரு மல்யுத்த நிறுவனம் கதையாக எழுதியிருந்தால் “சினிமாத்தனம்” என்று நாமே சிரித்திருப்போம்.

மல்யுத்த மேடையில் பேனா இருக்கிறது. யார் வெல்வார் என்பதை எழுத்தாளர்களும் நிறுவனமும் முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். பல பத்தாண்டுகள் இதை வெளியே சொல்லாமல் காத்தார்கள். அந்த ரகசியக் காப்புக்கே மல்யுத்தக்காரர்களிடம் ‘கேஃபேப்’ என்று தனிச்சொல் உண்டு. மேடையில் பகைவர்களாக நிற்கும் இருவர் வெளியே ஒரே காரில் போகக்கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது என்ற அளவுக்கு அதைக் கடைப்பிடித்தார்கள். அந்தப் பூட்டைத் திறந்தது யார் தெரியுமா? ஏதோ ஒரு துணிச்சலான பத்திரிகையாளர் அல்ல, வரிக்கணக்கு. 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட் முன்பு நிறுவனமே, “இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு” என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் உண்டு. பொழுதுபோக்கு என்றால் அந்தத் தொல்லை இல்லை. இந்தச் சின்னச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றினால் பொறுப்பு மாறிவிடும் என்பது பின்னாலும் வரப் போகிறது.

முடிவு தெரிந்த ஒன்றை ஏன் பார்க்கிறோம் என்று கேட்பவர்கள் நம் கோயிலுக்குப் போகாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். கந்த சஷ்டியில் சூரசம்ஹாரம் பார்க்கப் போகும் எவருக்காவது சூரன் வெல்வானோ என்ற சந்தேகம் உண்டா? யானை முகம், சிங்க முகம் என்று சூரன் தலை மாற்றி மாற்றி வரும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. தெருக்கூத்தில் பதினெட்டாம் போர் நடக்கும். துரியோதனன் விழுவான் என்பது விடிய விடிய உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியும். ஆனாலும் அவன் தொடையில் அடி விழும்போது பாட்டி கண்ணைத் துடைக்கிறாள். பிரெஞ்சு சிந்தனையாளர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ என்ற நூலை மல்யுத்தத்தைப் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்கினார். குத்துச்சண்டைக்குப் பந்தயம் கட்டலாம், மல்யுத்தத்துக்குப் பந்தயம் கட்டுவதில் பொருளில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்; அங்கே மக்கள் பார்ப்பது வெற்றியை அல்ல, துன்பமும் வஞ்சமும் நீதியும் கண்முன் உருவெடுப்பதை. விரிவுரையில் இதைப் படித்தபோது எனக்குத் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். பார்த் பெயரைக் கேள்விப்படாமலே அவர் அதைத்தான் சொல்லியிருந்தார்.

தாத்தா பத்து காவான் தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் தலைமுறைக்கு மல்யுத்தம் என்றால் அமெரிக்கா அல்ல. கிங்காங்கும் தாரா சிங்கும்தான். ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு மோதிய எமில் சாயா என்பவரே ‘கிங்காங்’. அவர் 1970இல் மறைந்தார். பஞ்சாபிலிருந்து 1947 வாக்கில் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் வந்த இளைஞர் தாரா சிங், அங்கே மல்யுத்தம் பழகி, கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலேசிய வெற்றியாளர் ஆனார். இந்தியாவுக்குத் திரும்பி 1954இல் ‘ருஸ்தம்-ஏ-ஹிந்த்’ பட்டம், 1968இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வீழ்த்தி உலகப் பட்டம். பிறகு சினிமா, தொலைக்காட்சியில் அனுமன் வேடம். அவர் புகழின் முதல் படி நம் மண்ணில் போடப்பட்டது என்பது இன்று இங்குள்ள பலருக்கே தெரியாது. “கிங்காங் குண்டு, தாரா சிங் கட்டு; குண்டு அக்கிரமம் பண்ணுவான், கட்டு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு ஒரே தூக்காத் தூக்குவான்” என்பார் தாத்தா. இதைவிடச் சுருக்கமாக மல்யுத்தத்தின் கதைசொல்லும் முறையை விளக்க முடியாது.

பேனா கையில் இருந்தாலும் எழுதியதெல்லாம் பலிக்காது. 1995இல் மேபல் என்ற மிகப் பருமனான வீரரை மன்னராக்கினார்கள். பிலடெல்பியா ரசிகர்கள் ஏற்கவே இல்லை. அரங்கில் போட்டி நிறுவனமான ஈ.சி.டபிள்யூ.வின் பெயரைச் சொல்லி முழக்கமிட்டார்கள். இன்றுவரை மிக மோசமான ‘கிங் ஆஃப் தி ரிங்’ எது என்று கேட்டால் பலரும் அந்த ஆண்டைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டு நடந்தது நேர்மாறு, அதுவும் தற்செயலாக. 1996 மே மாதம் நியூயார்க் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில், நிறுவனத்தைவிட்டு வெளியேறவிருந்த இரண்டு வீரர்களை வழியனுப்ப நான்கு நண்பர்கள் மேடையிலேயே கட்டித் தழுவினார்கள். நல்லவனும் கெட்டவனும் தழுவிக்கொண்டால் கேஃபேப் என்னாவது? நிர்வாகம் கொதித்தது. நால்வரில் இருவர் வெளியேறிவிட்டார்கள். மூன்றாமவர் ஷான் மைக்கேல்ஸ் அப்போதைய வெற்றியாளர், அவர்மேல் கைவைக்க முடியாது. எல்லாத் தண்டனையும் நான்காமவரான ‘டிரிபிள் எச்’ தலையில் விழுந்தது. வகுப்பில் நான்கு பேர் சத்தம் போட்டால் யார் வெளியே நிற்பார் என்று நமக்குத் தெரியாததா? அவ்வாண்டு அவருக்கென்று திட்டமிட்டிருந்ததாகச் சொல்லப்படும் கிரீடம், அதுவரை பெரிதாகப் பேசப்படாத ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. ஜூன் 23 அன்று அரையிறுதியில் ஆஸ்டினின் உதடு கிழிந்து, மருத்துவமனைக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு இறுதிச் சுற்றுக்குத் திரும்பினார். வென்றபின் மேடையில் அவர் பேசிய சில நொடிப் பேச்சிலிருந்து பிறந்த ‘ஆஸ்டின் 3:16’ என்ற வாசகம் அச்சிட்ட சட்டைகள் உலகெங்கும் விற்றன. அன்று வீழ்ந்துகொண்டிருந்த நிறுவனம் மீண்டு எழுந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அவருக்கு அடுத்து நடந்ததுதான் அண்ணன் சொன்ன “விழறது பொய் இல்ல” என்பதற்கான சாட்சி. 1997 ஆகஸ்ட் 3. ஆஸ்டின் ஓவன் ஹார்ட்டுடன் மோதினார். ஓவன் 1994இன் மன்னர். ஆஸ்டின் 1996இன் மன்னர். எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து உட்காரும் ஒரு பிடியில் ஆஸ்டினின் தலை பாதுகாப்பான இடத்தில் இல்லாமல் நேரே தரையில் மோதியது. கை கால் அசையவில்லை. அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு இது கதையா நிஜமா என்று புரியவில்லை. ஓவன் கூட்டத்தைச் சீண்டி நேரத்தைக் கடத்தினார். சற்று நேரம் கழித்து ஆஸ்டின் தவழ்ந்து வந்து, பலமே இல்லாத கைகளால் ஓவனை உருட்டிப் பிடித்தார். ஓவன் பிடிபட்டதாகக் கிடந்தார். நடுவர் மூன்று எண்ணினார். முடிவு எழுதியபடியே வந்தது. அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், ‘கழுத்து போன ஒருவர் ஏன் ஆட்டத்தை முடித்துக் கொடுக்க வேண்டும்?’ என்றுதான் தோன்றும். அந்தக் கழுத்துக் காயமே 2003இல் அவர் முழுநேர மல்யுத்தத்தை விட்டு விலகப் பெரிய காரணமானது.

ஓவனின் கதை இன்னும் கொடியது. 1999 மே 23 அன்று கன்சாஸ் நகர அரங்கில், ஒரு வேடிக்கை நுழைவுக்காகக் கூரையிலிருந்து கம்பியில் அவரை இறக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். கொக்கி விடுபட்டது. கீழே விழுந்து இறந்தார். அவருக்கு வயது 34. அன்றிரவு நிகழ்ச்சி நிற்கவில்லை. அடுத்தடுத்த மோதல்கள் நடந்தன. பின்னர் குடும்பத்துடன் 1 கோடியே 80 லட்சம் டாலர் சமரசம் ஏற்பட்டது.

இந்த வீரர்கள் யாருடைய ஊழியர்கள்? சட்டப்படி பார்த்தால் யாருடைய ஊழியர்களும் அல்லர். ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்’. எங்கே, எப்போது, யாருடன், எந்த உடையில், எந்தப் பெயரில் மோதவேண்டும் என்பதையெல்லாம் நிறுவனம் சொல்கிறது. பல வீரர்களின் மேடைப் பெயர்கூட நிறுவனத்தின் சொத்து. வேறு இடத்தில் மோத அனுமதி கிடையாது. ஆனால் அவர்கள் ‘சுயேச்சை’யானவர்கள். மேடையில் ஏற்படும் காயத்துக்கு நிறுவனம் சிகிச்சை பார்க்கிறது. மற்றபடி மருத்துவக் காப்புறுதி அவரவர் பாடு. தொழிற்சங்கம் இல்லை. 1986இல் ஜெஸ்ஸி வெஞ்சுரா என்ற வீரர் சங்கம் அமைக்கலாம் என்று சக வீரர்களிடம் பேசிப் பார்த்தார், கைகூடவில்லை. அதே மனிதர் பின்னாளில் மினசோட்டா மாநில ஆளுநரே ஆனார். ஆனால் மல்யுத்த வீரர்களுக்கு இன்னமும் சங்கம் வரவில்லை. நிறுவனமோ 2023இல் யூ.எஃப்.சி.யுடன் இணைந்து டி.கே.ஓ. என்ற பெருங்குழுமத்தின் பகுதியாகிவிட்டது. 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸுடன் 10 ஆண்டுகளுக்கு 500 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. பணம் இல்லாமல் இல்லை.

இப்போது அண்ணனின் முழங்கால். அண்ணன் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர். ஐக்கியா பக்கம், மாநில விளையாட்டரங்கம் பக்கம், தொழிற்பேட்டையில் மைக்ரோன், லேம் ரிசர்ச் ஆலைகள் இருக்கும் பக்கம் என்று நாள் முழுக்கச் சுற்றுவார். சென்ற ஆண்டு மழையில் ஒரு வளைவில் சறுக்கி விழுந்தார். முட்டி கிழிந்தது. வீட்டில் ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் செயலி அவருக்கு ஒரு காசும் தரவில்லை. அவர் அதன் ‘பங்காளி’, ஊழியர் அல்லர். எந்த ஆர்டரை எடுக்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் சேர்க்க வேண்டும், எந்தச் சட்டை போடவேண்டும் என்று செயலிதான் சொல்கிறது. ஆர்டரை அதிகமாக மறுத்தால் மதிப்பெண் குறையும். இருந்தாலும் அவர் ‘சுயேச்சை’. 1989இல் நியூ ஜெர்சியில் ‘விளையாட்டு’ என்ற பெயரைக் கழற்றி வைத்தது போல, இங்கே ‘ஊழியர்’ என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

இதனால்தான் கிக் தொழிலாளர் சட்ட மசோதாவை எங்கள் வீட்டில் மல்யுத்தத்தைப் பார்ப்பது போலவே உற்றுப் பார்த்தோம். அப்போது மனிதவள அமைச்சராக இருந்த ஸ்டீவன் சிம், நம் பக்கத்துப் புக்கிட் மெர்தாஜாமின் நாடாளுமன்ற உறுப்பினர், கொண்டுவந்த அந்த மசோதா 2025 ஆகஸ்ட் 28 அன்று மக்களவையில் நிறைவேறியது. சுமார் 12 லட்சம் கிக் தொழிலாளர்கள் நாட்டில் இருப்பதாக அரசாங்கம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும், காரணம் சொல்லாமல் ஒருவரை முடக்க முடியுமா, தகராறு வந்தால் எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவது, பெர்கேசோ பாதுகாப்புக்கு யார் பிடித்தம் செய்வது என்பதையெல்லாம் அது பேசுகிறது. இச்சட்டமும் அண்ணனை முழு ஊழியராக்கிவிடவில்லை. ஊழியருக்கும் சுயதொழில் செய்பவருக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இடத்தை அமைத்துக் கொடுத்திருக்கிறது. அது போதுமா என்று விவாதிக்கலாம். ஆனால், 1986இல் வெஞ்சுரா கேட்டு நாற்பது ஆண்டுகளாகியும் கோடிகள் புரளும் மேடையில் அந்த நடு இடம்கூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெண்களின் கதையைச் சொல்லாமல் ரியாத் இரவைப் பற்றி எழுதினால் அது பாதிக் கட்டுரைதான். 2018இல் இந்நிறுவனம் சவூதி அரேபியாவுடன் 10 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. முதல் நிகழ்ச்சியில் பெண்களுக்கு இடமே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல் சவூதித் துணைத் தூதரகத்தில் கொல்லப்பட்டார். ஒரு மாதம் கழித்து ரியாத் நிகழ்ச்சி திட்டமிட்டபடி நடந்தது. ஜான் சீனா, டேனியல் பிரையன் ஆகிய இருவரும் அங்கே போகவில்லை. 2019 அக்டோபர் 31 அன்றுதான் நட்டாலியாவும் லேசி எவன்ஸும் உடல் முழுக்க மூடிய உடையில் அங்கே முதல் பெண்கள் மோதலை நடத்தினார்கள். 2021இல் பெண்களுக்கும் தனிப் போட்டி வந்தது. செலினா வேகா முதல் அரசி. ஆனால் அப்போட்டியின் மோதல்களுக்குச் சில நிமிடங்களே ஒதுக்கினார்கள் என்று ரசிகர்கள் கொந்தளித்தது நியாயமே. 2024இல் ஜெட்டாவில் குந்தரும் நியா ஜாக்ஸும், 2025இல் ரியாத்தில் கோடி ரோட்ஸும் ஜேட் கார்கிலும் முடிசூடினார்கள். இப்போது வெல்பவருக்கு ‘சம்மர்ஸ்லாம்’ நிகழ்ச்சியில் உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பும் உண்டு.

தங்கள் நாட்டின் முகத்தை மெருகேற்றிக்கொள்ள அவர்கள் மல்யுத்தத்தை விலைக்கு வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வலுவானது. நானும் அதை ஏற்கிறேன். 2027ஆம் ஆண்டின் ‘ரெசில்மேனியா’வையே ரியாத்துக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தது அதை மேலும் வலுவாக்குகிறது. இருந்தும், அந்த அரங்கின் முன்வரிசையில் தந்தையின் தோளில் உட்கார்ந்து அரசிக்காகக் கத்திய சிறுமியைத் திரையில் பார்த்தபோது என் கோபம் சற்றுத் தடுமாறியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டும் ஒரே இரவில் நடந்தன.

பெண்ணும் மல்யுத்தமும் என்றால் நாம் ரியாத்வரை போக வேண்டியதும் இல்லை. ‘மலேசியா புரோ ரெசிலிங்’ என்ற உள்நாட்டு அமைப்பில் ‘ஃபீனிக்ஸ்’ என்ற பெயரில் மோதும் நோர் டயானா, 2019 ஜூலையில் நான்கு ஆண் வீரர்களை வென்று ‘ரெசில்கான்’ பட்டத்தைக் கைப்பற்றினார். தலையில் முக்காடு அணிந்தபடியே மோதும் அவரைப் பற்றி உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. பகலில் மருத்துவமனையில் வேலை பார்த்தவர் அவர். நம்மூர் மல்யுத்தத்தில் மேடையை நம்பி மட்டும் யாரும் வாழ முடியாது. வேலை முடிந்து வந்து பழகுகிறார்கள். எழுதிய முடிவுதான் அங்கேயும். ஆனால் அவரைத் தூக்கிப் போடும்போது தரை மட்டும் மென்மையாகிவிடாது. கீழே விழுபவர் தாடையைக் கழுத்தோடு ஒட்டி, முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். தூக்குபவர் அவர் உயிருக்குப் பொறுப்பு. எதிரியாக நடிக்கும் இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே மோதுகிறார்கள். வேறு எந்த விளையாட்டில் இப்படி உண்டு?

தம்பிக்கு இதையெல்லாம் அண்மையில் ஒரு மாலை சொன்னேன். பாதியில் கவனம் சிதறிவிட்டது. ஆனால் ஓவன் ஹார்ட் கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அப்ப அந்த ஆட்டத்த அவரு முடிச்சது, கழுத்து போனப்புறமா?” என்று இரண்டு முறை கேட்டான். பிறகு கைப்பேசியில் அந்தக் காணொளியைத் தேடி எடுத்து, ஆஸ்டின் தவழும் இடத்தில் நிறுத்தி, அண்ணனிடம் காட்டினான்.

அண்ணன் சற்று நேரம் பார்த்தார். “கைய பாருடா,” என்றார். “பிடிக்கிற மாதிரியே இல்ல. மத்தவன்தான் புடிச்சிக்கிட்டு இருக்கான்.”

அதற்குள் அவர் கைப்பேசி ஒலித்தது. தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் ஆர்டர். எழுந்து, முட்டிக்குப் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போனார்.